யானைத் தந்தத்துக்குத் தடை, வால்ரஸ் தந்தம் கடையில்: ஒரு யூப்பிக் சிற்பியின் தொழில் எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் 2016 ஜூலை 6 முதல் யானைத் தந்த வணிகம் ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அதே நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், ஆங்கரேஜ் நகரக் கடைகளில், தந்தத்தில் செதுக்கிய சீல் (கடல்நாய்), பறவை, வேட்டைக்காரர் உருவங்கள் விலைச்சீட்டோடு கண்ணாடிப் பேழைக்குள் வெளிப்படையாக இருக்கின்றன. பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள். சிலர் கடத்தல் பொருள் என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அது கடத்தல் பொருள் அல்ல. தந்தம் என்றாலே நமக்கு யானை நினைவுக்கு வருவதால் வரும் குழப்பம் இது. தந்தம் என்ற சொல்லுக்குப் பல் என்றுதான் பொருள். இங்கே பேசப்படுவது வால்ரஸ் என்ற கடல் பாலூட்டியின் மேல்தாடையிலிருந்து கீழ்நோக்கி வளரும் இரண்டு கோரைப்பற்கள். வால்ரஸைத் தமிழில் பனிக்கடல் யானை என்றும் எழுதுகிறார்கள். யானைக்கும் அதற்கும் உறவில்லை.

அலாஸ்காவின் பூர்வகுடிகளில் ஒன்றான யூப்பிக் இனத்துச் சிற்பிக்குக் கைத்திறனிலும் குறையில்லை, வாங்க ஆளும் உண்டு. ஆனால் அவர் கையில் எடுக்கும் ஒவ்வொரு மூலப்பொருளோடும் ஒரு சட்டம், ஒரு பருவம், ஒரு சந்தை ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தச் சட்டங்களில் பலவற்றை எழுதியவர்கள் இந்தச் சிற்பியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய வருமானம் எங்கே கரைகிறது என்பது இதைப் புரிந்துகொண்டால்தான் தெரியும்.

யார் இவர்கள், எங்கே வாழ்கிறார்கள்

அலாஸ்காவின் தென்மேற்கில் யூகான், குஸ்கோக்விம் என்னும் இரண்டு பேராறுகள் பெரிங் கடலில் கலக்கும் கழிமுகச் சமவெளிதான் யூப்பிக் மக்களின் நிலம். ‘யூக்’ என்றால் மனிதர், ‘பிக்’ என்றால் உண்மையான. ரோமன் எழுத்தில் இந்தப் பெயரின் நடுவே ஒரு மேற்கொட்டுக்குறி வரும். பகரம் இரட்டிக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தமிழில் ‘ப்பி’ என்று எழுதினாலே அந்த ஒலி கிடைத்துவிடுகிறது.

இப்பகுதியின் மையம் பெத்தல் என்ற சிற்றூர். ஆங்கரேஜிலிருந்து மேற்கே சுமார் 640 கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி, எல்லாக் காலத்திலும் சிறு விமானம், இவ்வளவுதான் போக்குவரத்து. செதுக்கும் உளியும், வண்ணப்புட்டியும், முடித்த சிற்பமும் விமானத்தில்தான் வந்துபோக வேண்டும்.

பெரிங் கடலின் நடுவே, ரஷ்யக் கரைக்கு அருகில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவில் வாழ்பவர்கள் சைபீரிய யூபிக் மக்கள். மொழி வேறு, கிளை வேறு. கேம்பல், சவுங்கா என்ற இரண்டே ஊர்கள். தந்தச் சிற்பத்தில் இந்தத் தீவுக்குத் தனி இடம் உண்டு. 1960இல் பிறந்த சிற்பி சூசி சிலூக்கின் சொந்த ஊர் கேம்பல். தந்தம் செதுக்குவது ஆண்களின் வேலையாகவே இருந்த இடத்திலிருந்து வந்து, பெண் உருவங்களையே தன் படைப்பின் நடுவில் வைத்தவர் அவர்.

மூலப்பொருளும் அதன் குணமும்

கடலோரச் சமவெளி முழுவதும் மரமில்லாத தூந்திரம். ஆனாலும் மரச்சிற்பம் இங்கே பழங்கலை. உள்நாட்டுக் காடுகளில் கரை இடிந்து விழும் ஸ்ப்ரூஸ் மரங்களையும் பாப்லர் வகை மரங்களையும் வசந்தத்தில் பனிக்கட்டி உடையும்போது ஆறு அடித்துக்கொண்டு வந்து கடற்கரையில் ஒதுக்கிவிடுகிறது. வேட்டைக்கோ மீனுக்கோ போகிறவர்கள் திரும்பும் வழியில் நல்ல கட்டையாகப் பார்த்து எடுத்துவருகிறார்கள்.

வால்ரஸ் தந்தத்தின் குறுக்குவெட்டில் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே மெல்லிய உறை. அதற்குள் வழுவழுப்பான வெள்ளை அடுக்கு. நடுவில் வேகவைத்த ஜவ்வரிசியை நெருக்கி அடுக்கியதுபோலப் புள்ளி புள்ளியான உள்கரு. யானைத் தந்தத்தில் இந்தக் கரு கிடையாது. அதில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் வளைகோடுகள் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை. சிற்பிக்கு இந்தக் கரு ஒரு சிக்கலும்கூட. முன்யோசனை இல்லாமல் அறுத்தால் உருவத்தின் முகத்தில் கரு வந்து விழும். கண்ணும் வாயும் புள்ளிகளுக்குள் கரைந்துபோகும். அதனால் அறுப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று தந்தத்தின்மேல் கோடுபோட்டுக்கொள்ள வேண்டும். தந்தத்தின் அடிப்பகுதி வேறு உள்ளே குழிவாக இருக்கும். அங்கே திரண்ட உருவம் எடுக்க முடியாது.

தந்தம் விரிசல் விடுவதற்கு முக்கியக் காரணம் திடீர் மாற்றம். உறைகுளிரில் கிடந்த தந்தத்தை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் வெளி அடுக்கு முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்; நீளவாக்கில் பிளந்துவிடும். சுழல்கருவியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தாலும் சூடேறிப் பழுப்புக் கறை விழும், மயிரிழை விரிசல் ஓடும். அடிக்கடி நிறுத்தி நீரில் நனைத்துக்கொள்வதுதான் வழி. பிறகு 220ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று படிப்படியாக நுண்மையாக்கி மெருகேற்ற வேண்டும். ஒரு படியைத் தாண்டிப் போனால், மெருகு ஏறிய பிறகு பழைய கீறல்கள் பளிச்சென்று தெரியும்.

திமிங்கில எலும்பு வேறு மாதிரி. புது எலும்பில் எண்ணெய் ஊறியிருக்கும். செதுக்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கசிந்து நாறும். கடற்கரையில் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்த எலும்பே வேலைக்கு ஆகும். அதன் தூளும் தந்தத்தின் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். சின்ன வீட்டின் மூலையில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் உட்கார்ந்து வேலைசெய்பவருக்கு முகக்கவசமும் தூளை உறிஞ்சும் விசிறியும் ஆடம்பரம் அல்ல.

வால்ரஸ் தந்தம்: சட்டம் என்ன சொல்கிறது

1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வால்ரஸ், சீல், திமிங்கிலம் முதலியவற்றை வேட்டையாடுவதை அமெரிக்கா முழுவதும் தடைசெய்தது. அலாஸ்காவின் கடலோரத்தில் வாழும் பூர்வகுடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. உணவுக்காகவும், விற்பதற்கான கைவினைப் பொருளுக்காகவும் அவர்கள் வேட்டையாடலாம். நிபந்தனைகள் இவை:

1. வீணாக்கக் கூடாது. தந்தத்தை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டு வருவது குற்றம். தந்தம் இந்த மக்களின் உணவு வேட்டையில் கிடைக்கும் உபரி.

2. வேட்டையாடிய 30 நாட்களுக்குள் இரண்டு தந்தங்களையும் கூட்டரசின் வனவிலங்குத் துறை நியமித்தவரிடம் காட்ட வேண்டும். அவர் எண்ணுள்ள முத்திரையைப் பொருத்திப் பதிவுசெய்வார்.

3. செதுக்காத தந்தத்தைப் பூர்வகுடியினர் தங்களுக்குள் விற்கலாம், பண்டமாற்றலாம். வெளியாளுக்கு விற்க முடியாது. கழிமுகச் சிற்பி தீவு வேட்டைக்காரரிடம் வாங்கலாம். ஆங்கரேஜில் குடியேறிய வேற்றினச் சிற்பி வாங்க முடியாது.

4. வெளியாளுக்கு விற்கும் பொருள் இயல்பு வடிவத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறியிருக்க வேண்டும். முழுத் தந்தத்தில் பெயருக்கு நாலு கோடு கீறிச் சிற்பம் என்று விற்பது செல்லாது.

5. மின்கருவி பயன்படுத்தலாம். ஒரே அச்சில் பல படிகள் எடுக்கும் நகல்செதுக்கு எந்திரம் கூடாது.

1972 டிசம்பர் 21க்கு முந்தைய தந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மண்ணுக்கடியில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்து தேன்நிறமும் காப்பிநிறமும் ஏறிய பழந்தந்தமும் இதில் சேரும். செயின்ட் லாரன்ஸ் தீவின் நிலம் கேம்பல், சவுங்கா ஊர்க்காரர்களின் நிறுவனங்களுக்கே உரியது. அங்கே தோண்டியெடுக்கும் பழந்தந்தம் அவர்களுக்கு முக்கிய வருமானம். அந்த அகழ்வில் தொல்லியல் தடயம் அழிகிறது என்ற வருத்தம் ஆய்வாளர்களுக்கு உண்டு. ஆனால் மாற்று வருமானத்துக்கு வழி சொல்லாமல் அந்த ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. 2013இல் கடற்பனியும் காற்றும் சாதகமாக அமையாமல் வால்ரஸ் வேட்டை படுத்துவிட்டபோது, தீவுக்குப் பொருளாதாரப் பேரிடர் என்று மாநில அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. இறைச்சியும் போயிற்று, செதுக்கத் தந்தமும் போயிற்று.

யானைக்குப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்ட வால்ரஸ்

பசிபிக் வால்ரஸை அருகிவரும் இனப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று கூட்டரசின் வனவிலங்குத் துறை 2017இல் முடிவுசெய்தது. ஆனால் அதற்குள் சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் தனிச் சட்டங்கள் போட்டிருந்தன. 2016 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் யானை, நீர்யானை, மாமத், வால்ரஸ், திமிங்கிலம் என எல்லாத் தந்தத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. ஹவாய் சட்டத்திலும் வால்ரஸ் உண்டு. யானையைக் காப்பாற்ற எழுந்த நல்ல எண்ணம்தான். ஆனால் விலை வேறிடத்தில் வசூலாகிறது.

அலாஸ்காவுக்குக் கோடையில் கப்பலில் வரும் பயணிகளில் கலிபோர்னியர்கள் ஏராளம். அவர்கள் விலை கேட்பார்கள், கையில் எடுத்துப் பார்ப்பார்கள், “ஊருக்குக் கொண்டுபோனால் பிரச்சினை வருமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பெரிய இணையச் சந்தைகளும் இனம் பார்க்காமல் எல்லாத் தந்தத்தையும் விலக்கிவைத்திருக்கின்றன. ஈபே 2009 முதல் அப்படித்தான், எட்ஸியும் அப்படித்தான். சாலையில்லாத ஊரில் இருக்கும் சிற்பிக்கு உலகத்தோடு நேரடித் தொடர்பு இணையம் ஒன்றுதான். அந்தக் கதவும் சாத்தினால் இடைத்தரகரிடமே போக வேண்டும்.

இதன் விளைவு பட்டறையில் தெரிகிறது. தந்தத்தை விட்டு மான்கொம்பு, எலும்பு, மரம், வெளியிலிருந்து வாங்கும் மாக்கல் ஆகியவற்றுக்குச் சிற்பிகள் நகர்கிறார்கள். கைக்குப் பழகிய பொருளை விடுவது சிறிய காரியம் அல்ல. கொம்பின் உள்ளே பஞ்சுபோன்ற பகுதி இருக்கிறது. தந்தத்தில் வரும் கூர்மையான விளிம்பு அதில் நிற்காது.

முகமூடி: படிகளும் பிழைகளும்

யூப்பிக் சிற்பத்தின் உச்சம் மரமுகமூடி. கெகினாகுக் என்பது அதன் பெயர். விலங்கின் முகத்துக்குள் மனித முகம், சுற்றிலும் வளையங்கள், கை, துடுப்பு, மீன், இறகு என்று விரியும் அமைப்பு. ஒவ்வொரு உயிருக்குள்ளும் ‘யூவா’ என்னும் ஆள் உண்டு என்ற எண்ணத்தின் வடிவம் இது. குளிர்கால விழாவில் ஆடி முடித்ததும் முகமூடிகளை எரித்துவிடுவார்கள், அல்லது தூந்திரத்தில் மக்கிப்போக விட்டுவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கிறித்துவ ஊழியர்கள் இந்த ஆட்டங்களை ஒடுக்கினார்கள். செதுக்கும் மரபும் பல ஊர்களில் அறுந்தது. இன்று செய்பவர்கள் பலர் அருங்காட்சியகப் பொருள்களையும் முதியவர்களின் நினைவையும் வைத்துத் திரும்பக் கட்டியெழுப்பியவர்கள்.

செய்முறை சுருக்கமாக:

1. கட்டையைத் தேர்ந்தெடுத்தல். கரையொதுங்கிய மரத்தின் வெடிப்புகளில் மணல் புகுந்திருக்கும். ஒரு மணல் போதும், கத்திமுனை போய்விடும். வெளித்தோலைச் சீவித் துடைத்த பிறகே நல்ல கருவியை எடுக்க வேண்டும்.

2. பிளத்தல். நார் எப்படி ஓடுகிறதோ அப்படிப் பிளக்க வேண்டும். மரத்தின் நடுத்தண்டு முகமூடிக்குள் இருக்கவே கூடாது. காயும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

3. முன்முகத்தைக் கெபுன் என்னும் வாய்ச்சியால் தோராயமாக வெட்டி, மெல்கர் என்னும் வளைந்த கத்தியால் வடிவமாக்குதல். மெல்கரைத் தன் உடலை நோக்கி இழுத்துச் செதுக்குவார்கள்.

4. பின்புறத்தைக் குடைதல். ஓரத்திலும் நடுவிலும் ஏறத்தாழ ஒரே தடிமன், ஒன்றிரண்டு செண்டிமீட்டர், இருக்க வேண்டும். மூக்குப் பக்கம் தடிமனாக விட்டுவிட்டால் அங்கே மெதுவாகக் காயும், நெற்றியில் பிளக்கும். ஆடுவதற்கான முகமூடி என்றால் இன்னும் மெல்லியதாக, எடை குறைவாக வேண்டும். சுவரில் தொங்கும் முகமூடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை கேட்பது தவறு.

5. வளையம். மெல்லிய பட்டையை நீராவியிலோ வெந்நீரிலோ ஊறவைத்து வளைக்க வேண்டும். நார் பட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியேறும் இடத்தில் ஒடியும். ஒடிந்தால் ஒட்டிப் பயனில்லை, வேறு பட்டைதான்.

6. வண்ணம். பழைய வழியில் காவிக்கல் சிவப்பு, கரிக்கருப்பு, வெண்களிமண். இப்போது அக்ரிலிக் பூச்சும் உண்டு.

7. இறகு. இங்கேதான் மறுபடியும் சட்டம் வருகிறது. வலசைப்பறவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, உணவுக்காக முறையாக வேட்டையாடிய வாத்தின் இறகாக இருந்தாலும் அதைப் பொருத்திய பொருளை விற்க முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. மரபான முகமூடிக்கு இறகு அலங்காரம் அல்ல, உடலின் ஒரு பகுதி. 2017இல் விதி திருத்தப்பட்டு, குறிப்பிட்ட இனப் பறவைகளின் இறகை அலாஸ்காப் பூர்வகுடியினர் தங்கள் கைவினைப் பொருளில் வைத்து விற்க வழி பிறந்தது. கழுகின் இறகு அந்தப் பட்டியலில் இல்லை. அதை விற்பது இன்றும் குற்றம்.

600 டாலர் முகமூடியில் கைக்கு வருவது எவ்வளவு

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. 40 மணி நேர வேலை, விலை 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கலைக்கூடத்தில் விற்றால் பாதி அவர்களுக்குப் போகும் என்பது பொதுவான வழக்கம். மிச்சம் 300. கத்தி, வண்ணம், உப்புத்தாளுக்கு 20. பெட்டிகட்டி விமான அஞ்சலில் அனுப்ப 40. நிற்பது 240. சுயதொழில் செய்பவர் கூட்டரசுக்குச் செலுத்தும் சமூகப்பாதுகாப்பு, மருத்துவ வரி 15.3 சதவீதம், அதைக் கணக்கிடும் முறைப்படி சுமார் 34 டாலர் போகும். கையில் 206. மணிக்கு 5 டாலர் சொச்சம். அலாஸ்காவின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையிலேயே மணிக்கு 13 டாலர் ஆகிவிட்டது.

நேரடியாக விற்றால் நிலைமை மேம்படும். பெத்தலில் வசந்தத் தொடக்கத்தில் நடக்கும் காமாய் ஆடல்விழா, அக்டோபரில் அலாஸ்காப் பூர்வகுடிக் கூட்டமைப்பு மாநாட்டோடு நடக்கும் கைவினைச் சந்தை, ஆங்கரேஜ் பூர்வகுடி மருத்துவமனையின் கைவினைக் கடை ஆகியவை முக்கிய வாய்ப்புகள். சந்தையில் முழு 600ம் கிடைத்தாலும், மேசைக்கட்டணமும் வரியும் போக மணிக்கு 12 டாலரைத் தொடுவதே அரிது. விமானக் கட்டணத்தை இன்னும் கழிக்கவில்லை. அதனால்தான் ஒரே பயணத்தில் பத்துப் பதினைந்து சிறு பொருள்களோடு போகிறார்கள். சிறு சீல் உருவமும் காதணியும் பயணச்செலவை மீட்கும். பெரிய முகமூடி விற்றால்தான் மிச்சம்.

நாட்காட்டியும் ஒரு தடை. ஏப்ரலிலிருந்து சீல், வால்ரஸ், ஜூனிலிருந்து சால்மன், ஆகஸ்டில் பெர்ரிப் பழம், செப்டம்பரில் மூஸ் மான். குடும்பத்தின் குளிர்கால உணவு இந்த மாதங்களில்தான் சேர்கிறது. சுற்றுலாப் பயணிகள் வருவதும் இதே மாதங்களில். செதுக்க நேரம் கிடைப்பது வாங்குபவர் யாருமில்லாத குளிர்காலத்தில். அப்போது கைக்காசு தேவைப்பட்டுக் கிடைத்த விலைக்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டால், கோடையில் அந்தப் பொருள் இரட்டிப்பு விலைக்குப் போகும்.

இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு நல்ல வழி பொதுக் கட்டடப் பணி. அலாஸ்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுக் கட்டடச் செலவில் 1 சதவீதம் கலைப்படைப்புக்கு ஒதுக்க வேண்டும். ஊரகப் பள்ளிகளுக்கு அரை சதவீதம். ஒரே பணியில் பல மாத வருமானம் உறுதி. ஆனால் மாதிரிவடிவம், செலவுத்திட்டம், காப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் எழுதித்தர வேண்டும். உளி பிடித்த கைக்கு இதையும் கற்றுத்தர ஆள் வேண்டும். அந்த உதவி ஊர்களில் போதிய அளவு இல்லை.

பழைய முகமூடி 25 லட்சம் டாலர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெத்தல் வணிகர் ஒருவர் குஸ்கோக்விம் ஊர்களில் வாங்கிய முகமூடிகள் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போயின. அங்கிருந்து சில 1940களில் வெளியே விற்கப்பட்டு, ஆந்திரே பிரெத்தோன் முதலிய மிகையதார்த்தவாதக் கலைஞர்களின் கைக்கு வந்தன. அந்த வழியில் ஓவியர் என்ரிகோ டொனாட்டியிடம் இருந்த முகமூடி ஒன்று 2011இல் 25 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

அதில் ஒரு காசுகூட யூப்பிக் ஊர்களுக்கு வரவில்லை. வரவைக்கும் சட்டமும் இல்லை. கலைப்படைப்பு மறுவிற்பனை ஆகும்போது படைத்தவருக்குப் பங்கு தரும் உரிமை பிரான்சில் உண்டு. அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டத்தில் கிடையாது. இன்று 600 டாலருக்குப் போகும் முகமூடி நாளை 60,000 டாலருக்கு விற்றாலும் செதுக்கியவருக்குப் பங்கில்லை.

இதற்கு நேர்மாறான முயற்சி குஸ்கோக்விம் முகத்துவாரத்துக்குத் தெற்கே க்வின்ஹாகாக் ஊரில் நடந்தது. கடல் அரித்துவந்த நுனாலெக் என்ற பழங்குடியிருப்பை, ஊர்க்காரர்களின் அழைப்பில் 2009 முதல் அகழ்ந்தார்கள். உறைநிலத்தில் கெடாமல் இருந்த மரப்பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றை வெளியூருக்கே கொடுத்துவிடாமல் 2018இல் அதே ஊரில் மையம் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சிற்பி தன் முன்னோரின் முகமூடியைக் கையெட்டும் தூரத்தில் பார்த்து, வெட்டு எந்தத் திசையில் போனது என்று தடவி அறியலாம்.

போலியும் சான்றும்

1990இன் பூர்வகுடிக் கலை, கைவினைச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்பது குற்றம். முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். பிலிப்பைன்ஸில் செய்வித்த சிற்பங்களை அலாஸ்காவின் கெச்சிகன் துறைமுகத்தில் பூர்வகுடிக் கலை என்று விற்றவருக்கு 2023இல் 2 ஆண்டு சிறை கிடைத்தது. இந்தோனேசியாவில் மலிவாகச் செய்த முகமூடியோடு விலையில் போட்டிபோட யூப்பிக் சிற்பியால் முடியாது. ஆகவே இந்தச் சட்டம் அமலாவது அவருக்கு உயிர்ப்பிரச்சினை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை:

1. ‘வெள்ளிக்கை’ முத்திரை. மாநிலக் கலைக்குழு தரும் இந்தச் சின்னத்தை அலாஸ்காவில் குடியிருக்கும் 18 வயது நிறைந்த பூர்வகுடிக் கலைஞர் மட்டுமே பயன்படுத்தலாம். கரடிச் சின்னம் உள்ள ‘அலாஸ்காவில் செய்தது’ முத்திரை வேறு. அது செய்தவரின் இனத்தைச் சொல்லாது.

2. செய்தவரின் பெயர், ஊர், மூலப்பொருள், ஆண்டு எழுதிய சீட்டு. கடைக்காரர் தரத் தயங்கினால் வாங்க வேண்டாம்.

3. தந்தம் என்றால் ஜவ்வரிசிக் கருவைத் தேடுங்கள். சிறு உருவத்தில் வெள்ளை அடுக்கு மட்டும் இருக்கலாம். அப்போது கருவில்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது, சீட்டைத்தான் நம்ப வேண்டும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம், வடு நிற்கும்.

4. அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோவதற்கு முன் கூட்டரசின் வனவிலங்குத் துறையின் ஏற்றுமதி ஆவணம் தேவை. போய்ச்சேரும் நாட்டின் இறக்குமதி விதியையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். வால்ரஸ் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் பறிபோகும் சிற்பத்துக்குப் பணம் திரும்பாது.